Re: Re: கார்பல் டனல் – சுரங்கமா, புழையா?

அன்புள்ள குழுவினருக்கு,

பெங்களூரு பொம்மனஹள்ளி தையல் ஆலைகளில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். நான் கேட்டது, மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும் 'கார்பல் டனல்' (carpal tunnel) கோளாறுக்குத் தமிழில் ஒரு சொல். வந்த மடல்களில் பாதி யாழ் நரம்பை, அதாவது யாழின் தந்தியைப் பற்றி!

> சுரங்கம் வடமொழிச் சுருங்கா. அதுவே கிரேக்கச் சிரிங்ஸ் என்பார்கள். துளையைக் குறிக்கும் புழை நம் சொல். யானைக்கே புழைக்கை என்று பேர்.

மல்லேஸ்வரம் ஐயா, யானை வரைக்கும் சரி. ஆனால் மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறுகிறவர்களுக்குச் சுரங்கம் தெரியும். புழை என்றால் புழக்கடை நினைவுக்கு வந்தாலே பெரிய விஷயம். குழுவிலுள்ள பாலக்காட்டுத் தமிழருக்கோ, மலையாளப் பழக்கத்தில், அது தண்ணீர் ஓடும் ஆறு.

உண்மையில் என் கவலை சுரங்கம் இல்லை, நரம்பு. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் சேர்ந்து ஒரு வளைவு, அதன்மேல் குறுக்கே ஒரு பட்டை. இடையில் ஒன்பது தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறுகள்) ஒரே ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. நாண்களைச் சுற்றிய உறை வீங்கினால் நசுங்குவது நரம்பு. கட்டைவிரல் முதல் மோதிரவிரலில் பாதி வரை மரத்துப்போகும், ராத்திரியில் தூக்கம் கெடும். சுண்டுவிரலின் நரம்பு இந்தப் பட்டைக்கு வெளியே போவதால் அது தப்பித்துவிடும்.

இதை "நரம்பு நசுங்குகிறது" என்று எழுதினால், படிப்பவர் புறங்கையில் தெரியும் பச்சை நரம்பைத் தொட்டுப் பார்ப்பார். ஊசி போட வரும் நர்ஸும் "நரம்பு கிடைக்கல" என்றுதானே சொல்கிறார்? அது இரத்தக்குழாய். சுளுக்கினால் "நரம்பு பிசகிருச்சு" என்கிறோம், அது பெரும்பாலும் எலும்புகளை இணைக்கும் நாரோ தசைநாணோ. மக்கள் தப்பாகப் பேசுகிறார்கள் என்று சொல்ல வேண்டாம். புறநானூறு 278இல் முதியவளின் தோளில் 'நரம்பெழுந்து' நிற்பதும் நாம் இப்போது பாடநூலில் நரம்பு என்பது இல்லையே. கன்னட நர, தெலுங்கு நரமு, மலையாள ஞரம்பு என்று அடுத்த மடல் வரும், தெரியும். வேர் ஒன்றுதான், ஆனால் அது வெள்ளிக்கிழமைக்கு உதவாது.

> உணர்நரம்பு என்று பிரித்துவிடலாமே?

அழகான சொல். ஆனால் இதே நரம்புதான் கட்டைவிரலின் அடித்தசைகளையும் இயக்குகிறது. முற்றினால் கட்டைவிரலடிச் சதைமேடு வற்றிப்போகும். உணர்நரம்பு என்றால் பாதிதான் சொன்னதாகும். அதனால் முதல் இடத்தில் "விரல்களுக்கு உணர்ச்சியும் அசைவும் தரும் நரம்பு (இரத்தக்குழாய் அல்ல)" என்று நீட்டி எழுதிவிட்டு, அப்புறம் வெறும் நரம்பு என்று போகிறேன். நீளம்தான், பரவாயில்லை.

அல்சூர் அக்கா தலைப்பே "கை மரப்பு" என்று இருக்கட்டும் என்கிறார். சர்க்கரை நோயிலும் கை மரக்குமே, அக்கா. அதனால் தயங்குகிறேன்.

இதுவரை சுரங்கத்துக்கு ஆறு பேர், புழைக்கு இரண்டு. வியாழன் இரவுக்குள் வேறு மடல் வராவிட்டால் "மணிக்கட்டுச் சுரங்கம்" அச்சேறும். ஐயாவின் மறுப்பைக் குறித்துக்கொண்டேன். அந்த நரம்பின் (median nerve) பெயர் நடுநரம்பா இடைநரம்பா என்ற வழக்கைத் தயவுசெய்து தனி இழையில் தொடங்குங்கள்.