முற்றத்தை மூடலாமா? செட்டிநாட்டுப் பள்ளத்தூர் வீட்டின் கைபேசிக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பச்சி (காலை 7.05): அனைவருக்கும் வணக்கம். தை மாதம் நம் வீட்டில் நடக்கவிருக்கும் திருமணத்துக்கு முன்பாக, அறைகள் சூழ்ந்த வளவின் நடுவே திறந்திருக்கும் முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் தகடு போட்டுவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். மழையும் குரங்கும் உள்ளே வராது. வேண்டுமானால் வளவுக்கு ஏசியும் வைத்துக்கொள்ளலாம். செலவைப் புள்ளிக் கணக்கில், அதாவது திருமணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்கு என்று, பிரித்துக்கொள்வோம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சித்தப்பா, கோவை (7.21): அண்ணன் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. சென்ற ஐப்பசியில் நாங்கள் வந்திருந்தபோது சாரல் அடித்து, முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரமான பத்தி முழுவதும் ஈரமாகிவிட்டது. அந்தத் தரையில் ஆத்தா நடமாடுவதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அயித்தை, திருச்சி (7.40): அந்த வீட்டில் ஆண்டு முழுவதும் இருப்பவர் ஆத்தா ஒருவர்தான். அவரைக் கேட்காமல் முன்பணம் எதுவும் கொடுத்துவிட வேண்டாம்.

அப்பத்தா (8.32): எல்லாவற்றையும் படித்தேன். குரல் பதிவு அனுப்பினால் நீங்கள் பாதியில் நிறுத்திவிடுகிறீர்கள் என்பதால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதியே சொல்கிறேன். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது இங்கே ஐந்து அடுப்பு எரிந்தது. மகனுக்குத் திருமணம் ஆனதும் வேறு வைத்துவிடுவது நம் வழக்கம். ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பருப்பு, இவ்வளவு செலவுப் பணம் என்று அளந்து கொடுத்து, வளவில் ஓர் அறையையும் பின்பக்கம் சமையல் நடக்கும் இரண்டாங்கட்டில் ஓர் அடுப்பையும் காட்டிவிடுவார்கள். மாமியார் உலை வேறு, என் உலை வேறு. அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. இப்படி எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தவர்கள் பிரிக்காமல் விட்டது அந்த முற்றத்தை மட்டும்தான். அதை மூடுவதற்கு முன் அங்கே என்ன நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேத்தி, சென்னை (8.40): சொல்லுங்கள் அப்பத்தா. நாங்கள் அதில் பந்து விளையாடியது தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

அப்பத்தா (9.18): காலையில் மேற்குப் பத்தித் தூண்களின் தலையில் விழும் வெயில் மெல்லக் கீழே இறங்கி முற்றத்துக் கல்லைத் தொடும்போது உலை வைத்தால், பகல் சோற்றுக்குச் சரியாக இருக்கும், கடிகாரம் முகப்பில் ஆண்கள் பக்கம் இருந்ததால் எங்களுக்கு அதுதான் மணி. கோடையில் கூழ் வற்றலும் மோர் மிளகாயும் சுண்டைக்காயும் காயும். யார் பாய் எந்த ஓரத்தில் என்பதற்காக நடந்த சண்டைகளை எழுதினால் இந்தக் குழுவே இரண்டாகிவிடும்.

மழைக்காலம்தான் முக்கியம். முதல் மழையை ஓட்டுத் தூசி போகட்டும் என்று விட்டுவிடுவோம். அடுத்த மழைக்கு ஓட்டுத் தண்ணீரைக் கீழே விடும் நான்கு மூலைத் தூம்புக்கும் கீழே அண்டா, தவலை, கிடாரம் என்று ஐந்து அடுப்புக்காரர்களும் வரிசையாக வைத்துவிட்டு, வாயில் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டி வடிப்போம். ஒன்று நிறைந்ததும் நகர்த்தி அடுத்ததை வைக்க வேண்டும் என்பதால், பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள்கூட அந்த நேரம் பேசித்தான் ஆக வேண்டும். இருட்டில் யாருடைய பாத்திரம் எது என்று குழப்பம் வரும். அப்போது லாந்தரைப் பிடித்து, கழுத்தில் வெட்டியிருக்கும் விலாச எழுத்தை, அதாவது குடும்பப் பெயரின் முதலெழுத்துகளை, படித்துப் பிரித்துக் கொடுப்போம். என் மகன், உங்கள் அப்பச்சி, பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே எழுத்தைக் கற்றது, என் சீதனத் தவலையின் கழுத்தை விரலால் தடவித்தான். மிஞ்சிய தண்ணீர் வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போய்விடும்.

சித்தப்பா, கோவை (9.30): ஆத்தா, இப்போது குழாயில் தண்ணீர் வருகிறதே. அந்தக் காலம் திரும்பி வரப் போவதில்லை.

அப்பத்தா (9.52): வர வேண்டாம். மழை பொய்த்த ஆண்டுகளில் விடியுமுன் ஊருணிக்குப் போய்க் குடம் குடமாகச் சுமந்தவள் நான். அதைப் பொற்காலம் என்று உங்களிடம் சொல்வேனா? அடுப்புப் புகையில் என் கண் கெட்டதும் அந்தக் காலத்தில்தான். ஆனால் புகை போவதற்கு வழியாக இருந்தது அந்தத் திறப்பு. உங்கள் ஐயாவின் அப்பச்சி, அதாவது என் மாமனார், ரங்கூன் லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து மேலாளாக உயர்ந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரர்கள் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு, கப்பலில் இடம் கிடைக்காமல், மற்றவர்களோடு காட்டு வழியே நடந்து ஊர் வந்து சேர்ந்தார். அதன்பின் அவர் எந்த அறைக்குள்ளும் படுத்ததில்லை. பத்தியில் வானம் தெரிகிற இடத்தில்தான் பாய் விரிப்பார். அவருடைய குறட்டையும் ஐந்து அடுப்புக்கும் பொதுவாகவே இருந்தது.

பேத்தி, சென்னை (10.05): நான் படித்த கட்டடக் கலையும் அப்பத்தா பக்கமே நிற்கிறது. சூடான காற்று மேலே எழுந்து முற்றத்தின் வழியே வெளியேறுவதால்தான் வளவு குளிர்ச்சியாக இருக்கிறது. மேலே தகடு போட்டால் வெயிலும் உள்ளே வரும், சூடும் வெளியே போகாது. ஏசி இல்லாமல் பிறகு அங்கே உட்காரவே முடியாது. நம் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்துக் காற்றில் விடும் தன்மையுடையது. காற்றோட்டம் குறைந்தால் அந்த ஈரம் தேக்கு உத்தரங்களில் போய்த் தங்கும். இன்று அதே தரத்தில் பர்மாத் தேக்கு வேண்டுமானால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், யாரோ இடித்த வீட்டின் தூணைத்தான் விலைக்குக் கேட்க வேண்டியிருக்கும்.

பெரியப்பச்சி (10.20): ஈர விஷயத்தை அந்த ஒப்பந்தக்காரர் சொல்லவே இல்லை. தகட்டை விட்டுவிடுவோம். குரங்குக்கும் சாரலுக்கும் என்ன செய்வது?

அப்பத்தா (10.41): குரங்குக்குக் கம்பிவலை போதும், எதிர் வீட்டில் போட்டிருக்கிறார்கள், வெயிலும் மழையும் தடையில்லாமல் இறங்குகின்றன. திருமண நாட்களுக்கு மட்டும் வாடகைப் படுதா கட்டுங்கள், பந்தி முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். சாரலுக்குக் காரணம் முற்றம் இல்லை. வடகிழக்கு மூலைத் தூம்பு துருப்பிடித்து வாய் உடைந்துவிட்டதால், அருவியாக விழ வேண்டிய தண்ணீர் சிதறி அடிக்கிறது. இதை நான் போன ஆண்டிலிருந்து சொல்லி வருகிறேன், யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சித்தப்பா, கோவை (10.50): தூம்புச் செலவு என்னுடையது, ஆத்தா. அதோடு தரையில் வழுக்காத விரிப்பும் போட்டுவிடுகிறேன். அதை மட்டும் மறுக்கக் கூடாது.

அப்பத்தா (10.58): விரிப்புப் போடு, மறுக்கவில்லை.

அயித்தை, திருச்சி (11.02): கார்த்திகைத் தீபத்திலிருந்து 21ஆம் நாள் பிள்ளையார் நோன்புக்கு நான் எப்படியும் வருவேன். மாவில் வைத்து ஏற்றிய நூல் திரியை எடுத்து உண்ணும் 'இழை எடுக்கும்' சடங்குக்கு எல்லாப் புள்ளியும் கூடுவதால், கொத்தனாரை அதற்கு முந்தின நாளே வரச் சொல்லிவிடுங்கள். அண்ணனும் நானும் உடனிருந்து பார்த்துக்கொள்கிறோம்.

அப்பத்தா (11.15): நல்லது. கொத்தனார் ஓட்டின் மேல் சாக்கை விரித்துத்தான் ஏற வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போன முறை ஏறியவர் மிதித்து உடைத்த நாட்டு ஓடுகளுக்கு மாற்று கிடைக்காமல் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.