அப்பப்பாவின் கடிதங்களைப் புத்தகக்காரருக்குக் கொடுக்கலாமா?

கொக்குவில் பேரன்:
அப்பப்பா பெயர் பெற்ற தொழிற்சங்கத் தலைவர். அவரைப் பற்றிப் புத்தகம் எழுதும் ஒருவர் ஆறு மாதமாக வீட்டுக்கு வருகிறார். வெறுங்கையோடு வரமாட்டார், பருத்தித்துறை வடை இருக்கும். கூட்டம், வேலைநிறுத்தம் என்றால் அப்பம்மா மணிக்கணக்காகச் சொல்லுவார். றங்குப்பெட்டிக்குள் என்ன என்று கேட்டால் மட்டும், "பழைய சீலை தம்பி" என்று தேத்தண்ணி போட எழும்பிவிடுவார்.

சீலை அல்ல. மறியலில், சிறைக்குள் இருந்து அப்பப்பா எழுதிய கடிதங்கள். ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். மடிப்புக்குள் காய்ந்த வேப்பிலை. முன்பக்கம் முழுக்க மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்கியாச்சா என்ற விசாரிப்பு. பின்பக்கத்தில் தாலிக்கொடியை அடைவு வைத்ததற்கு மன்னிப்பு. 95 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலம் தாண்டும்போது சைக்கிள் கரியரில் இருந்தது இந்தப் பெட்டிதான். சட்டிபானை எல்லாம் வீட்டிலேயே கிடந்தன.

"வீட்டில கிடந்தால் கறையான் தின்னும், நூலகத்துக்குக் குடுங்கோ" என்றார் சித்தப்பா. "81 இல யாழ் நூலகத்தில இருந்ததுதானே எரிஞ்சது" என்றார் அப்பம்மா. சித்தப்பா வாயே திறக்கவில்லை. நான் வற்புறுத்தலாமா?

வாசிகசாலைக்காரி:
வேண்டாம். கொல்லப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மனைவி ஜாக்குலின் 1964 இலேயே வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிஞ்சரிடம் எட்டரை மணித்தியாலம் பேசி ஒலிநாடாவில் பதிந்து, பூட்டி வைத்தார். மகள் கரோலைன் வெளியிட்டது 2011 இல். கென்னடி கொலை பற்றிப் புத்தகம் எழுதிய வில்லியம் மான்செஸ்டர் விஷயம் வேறு. அவரை எழுதச் சொன்னதே கென்னடி குடும்பம்தான். வீட்டு விஷயங்கள் அச்சில் வரப்போகின்றன என்றதும் 1966 டிசெம்பரில் ஜாக்குலின் வழக்குப் போட்டார். சில பகுதிகளை வெட்டித்தான் 1967 இல் புத்தகம் வந்தது. மான்செஸ்டரிடம் ஜாக்குலின் பேசிய ஒலிநாடாக்களுக்கு 2067 வரை பூட்டு! அப்பம்மாவிடம் "எப்போது கொடுக்கலாம்" என்று கேட்டுப் பாருங்கள்.

கறுப்புக்கோட்டு:
தாள் அப்பம்மாவுடையது. எழுத்தின் பதிப்புரிமை அப்பப்பாவின் வாரிசுகளுக்கு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை. சித்தப்பா தன்பாட்டில் எடுத்துக் கொடுக்க முடியாது.

புத்தகம் போட்டவன்:
வீட்டார் வாய் திறக்காவிட்டால் ஊர்க்கதைதான் அத்தியாயமாகும், அதையும் யோசியுங்கோ. எரிக்க மட்டும் விடாதேங்கோ. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டனோடு பரிமாறிய கடிதங்களை அவர் மனைவி மார்த்தா எரித்துவிட்டார், மிஞ்சியவை ஒருசில.

கொக்குவில் பேரன்:
கேட்டேன். "நான் போனாப் பிறகு நீ வாசிச்சுப்போட்டு முடிவெடு" என்றார். நான் படலை வரை போனதும் கூப்பிட்டார். "அந்த மாட்டுக் கடிதத்தை வேணுமெண்டால் காட்டு. பிரட்ட விடாதை."