ஸ்கேன் கோப்புகளும் கிளவுட் பில்லும்: காசு எந்த வழியில் ஏறுகிறது?

கிடங்குக்காரர்:

பழைய நூல், இதழ், ஓலைச்சுவடி ஸ்கேன்களை அமேசானின் கோப்புக் கிடங்கான எஸ்3-இல் வைத்து, அதன் வாடகை மெஷின்களான இசி2-வில் ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) ஓட்டுகிறவர்களுக்காக இந்த இழை. நான் சொல்லும் விலையெல்லாம் அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்துப் பட்டியல் விலை, டாலரில். மும்பையில் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எஸ்3-இன் வழக்கமான வகையான ஸ்டாண்டர்ட் ஜிபிக்கு மாதம் 0.023 என்றால் மும்பையில் 0.025. கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

2 டிபி வைத்தால் மாதம் 46 டாலர் வாடகை. இதில் யாரும் தவறுவதில்லை. கோப்புகளின் எண்ணிக்கைக்கும் தனியாகக் காசு உண்டு என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பக்கத்துக்கு ஒரு சின்ன ஜேபெக், சராசரி 50 கேபி, மொத்தம் 40 லட்சம் கோப்புகள் என்று வையுங்கள். கூட்டினால் 200 ஜிபிதான். ஸ்டாண்டர்டில் மாதம் 4.60. 'யாரும் திறந்து பார்ப்பதில்லையே, எஸ்3-இன் மிக மலிவான டீப் ஆர்கைவில் போடலாம், அங்கே ஜிபிக்கு 0.00099தானே' என்று தோன்றும். ஆனால் அங்கே உள்ளே போட 1,000 கோப்புக்கு 0.05. 40 லட்சத்துக்கு 200 டாலர், அன்றைக்கே. அதோடு ஒவ்வொரு கோப்புக்கும் 40 கேபி மேல்சுமை ஏறும்: 32 கேபி டீப் ஆர்கைவ் விலையில், 8 கேபி ஸ்டாண்டர்ட் விலையில். எல்லாம் சேர்த்து மாத வாடகை ஒரு டாலர் அளவில் வரும். மிச்சமாவது மாதம் 3.60, போட்ட 200-ஐ மீட்க நாலரை வருஷத்துக்கு மேல் ஆகும். லாரி வாடகையைவிட ஏற்றுகூலி அதிகம்.

தீர்வு பழையதுதான்: டார், அதாவது பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டுவது. நூலுக்கு ஒன்று, அல்லது 1 ஜிபி அளவுக்கு ஒன்று. 40 லட்சம் என்பது 200 ஆகிவிடும். ஜேபெக்கை மறுபடி ஜிப் போட்டுச் சுருக்க முயல வேண்டாம். சுருங்காது, சிபியு நேரம்தான் போகும். எந்தப் பக்கம் எந்த டாரில் இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும் ஸ்டாண்டர்டிலேயே வையுங்கள். அது இல்லையென்றால் ஒரு பக்கம் தேடப் பத்து டாரை மீட்க வேண்டியிருக்கும். மீட்பு உடனே நடக்காது: சாதாரண வழியில் 12 மணி நேரம் வரை, பல்க் வழியில் 48 மணி நேரம் வரை.

நள்ளிரவு அட்மின்:

மேலே சொன்னதற்கு ஒரு திருத்தம். 2024 செப்டம்பரிலிருந்து புதிதாக எழுதும் லைஃப்சைக்கிள் விதிகள் (நாள் கணக்கில் கோப்புகளை வேறு வகைக்கு நகர்த்தவோ அழிக்கவோ எழுதுபவை) 128 கேபிக்குக் குறைவான கோப்புகளைத் தாமாக நகர்த்துவதில்லை. அதற்கு முன்பே எழுதி வைத்த விதி பழைய மாதிரியே ஓடும். நேரடியாக டீப் ஆர்கைவுக்கு அப்லோட் செய்தால் இந்தக் காப்பு கிடையாது. ஆக அந்த 200 டாலர் வர இன்னும் வழி இருக்கிறது.

குறைந்தபட்ச நாள் கணக்கையும் பாருங்கள். எப்போதாவது படிப்பதற்கான ஸ்டாண்டர்ட்-ஐஏ 30 நாள், காப்பகத்துக்கான கிளேசியர் 90, டீப் ஆர்கைவ் 180. டீப் ஆர்கைவில் இருபதாம் நாள் அழித்தாலும் மீதி 160 நாளுக்கான வாடகையைக் கட்டியாக வேண்டும். ஸ்கேன் சரியா என்று சரிபார்த்து முடிக்காத தொகுப்பை அங்கே அனுப்பாதீர்கள். பாதிப் பக்கம் கோணல் என்று மறுபடி ஸ்கேன் செய்தால் இரண்டுக்கும் வாடகை ஓடும்.

ஐஏ-வில் படிப்பதற்கும் ஜிபிக்கு 0.01 உண்டு. ஓசிஆர் மாடல் மாறும்போதெல்லாம் 2 டிபியையும் திரும்ப ஓட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் 20 டாலர் கொடுப்பார். ஓட்டம் முழுக்க முடிந்த பிறகு ஐஏ-வுக்கு நகர்த்துவதுதான் சரி.

கண்ணுக்குத் தெரியாமல் இடம் பிடிப்பவை இரண்டு. ஒன்று, வெர்ஷனிங், அதாவது பழைய பிரதிகளையும் வைத்திருக்கும் அமைப்பு. அது ஆனில் இருக்கும் பக்கெட்டில் (எஸ்3-இன் கோப்புப் பெட்டி) 'டெலீட்' கொடுத்தால் கோப்பு அழிவதில்லை. மேலே ஓர் அழிப்புக் குறி விழும், பழைய பிரதிக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். பழைய பிரதிகளை 30 நாளில் அழிக்கத் தனி விதி எழுத வேண்டும். மற்றொன்று, துண்டு துண்டாக ஏற்றும் மல்டிபார்ட் அப்லோட் பாதியில் அறுந்தது. நெட் போன நேரத்தில் ஏறிய துண்டுகள் சாதாரணப் பட்டியலில் தெரியாது. ஆனால் ஜிபி கணக்கில் இருக்கும். '7 நாளில் முடியாத மல்டிபார்ட்டைக் கைவிடு' என்ற விதியை பக்கெட் திறந்த அன்றே போட்டுவிடுங்கள். ஒரு பைசா செலவில்லை.

ஓசிஆர் பட்டறை:

ஓட்டும் பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஓசிஆருக்கு ஸ்பாட் மெஷின்தான் (அமேசானிடம் மிச்சமாக இருக்கும் மெஷின்) பொருத்தம். பட்டியல் விலையிலிருந்து 90% வரை தள்ளுபடி. பதிலுக்கு எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வார்கள், 2 நிமிட முன்னறிவிப்போடு. மெஷினுக்குள்ளிருந்து 169.254.169.254 முகவரியில் (மெஷின் தன்னைப் பற்றிய தகவலைப் பெறும் இடம்) அறிவிப்பு வந்திருக்கிறதா என்று 5 விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எதுவும் இல்லாதவரை 404 வரும். இந்த முகவரியின் இரண்டாம் பதிப்புதான் இப்போது வழக்கம் என்பதால் முதலில் டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் இல்லாமல் கேட்டால் 401 வரும். அதையும் 'அறிவிப்பு இல்லை' என்று எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்டுகளை நிறையப் பார்க்கலாம். அவை அறிவிப்பைக் காணாமலே செத்துப்போகும்.

வேலையைப் பக்கம் பக்கமாக அமேசானின் செய்தி வரிசையான எஸ்க்யூஎஸ்-இல் போடுங்கள். எடுத்த வேலை மற்றவர்களுக்கு மறைந்திருக்கும் நேரம், நாம் மாற்றாவிட்டால், 30 விநாடிதான். ஒரு பக்கத்துக்கு 50 விநாடி ஆகும் என்றால் அதே பக்கத்தை இன்னொரு மெஷினும் எடுத்து ஓட்டும்; செலவு இரட்டிப்பு. அந்த மறைவு நேரத்தை, ஒரு பக்கம் அதிகபட்சமாக எடுக்கும் நேரத்தைப் போல் மூன்று மடங்கு வையுங்கள். அப்படியும் சாதாரண வரிசை ஒரே செய்தியை இருமுறை தரலாம். எனவே வெளியீட்டுக் கோப்பின் பெயர் நூல் எண், பக்க எண் மட்டும் கொண்டதாக இருக்கட்டும். நேர முத்திரை சேர்க்க வேண்டாம். இரண்டாவது முறை எழுதினால் அதே பெயரில் மேலே விழும். அந்த பக்கெட்டில் வெர்ஷனிங் ஆனில் இருந்தால், நண்பர் சொன்ன மாதிரி, இரண்டு பிரதிக்கும் வாடகை.

டெஸராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளை ஓட்டுகிறவர்களுக்கு: அது ஒரு பக்கத்துக்கே 4 திரெட் (இணையாக ஓடும் வேலை) வரை எடுக்கும். 8 விசிபியு (மெய்நிகர் சிபியு) மெஷினில் 8 பக்கம் இணையாக ஓட்டினால் 32 திரெட் முட்டிக்கொள்ளும். சிபியு 100% காட்டும், வேலை நகராது. ஓபன்எம்பி திரெட் வரம்பை 1 ஆக்கி, விசிபியுவுக்கு ஒரு பக்கம் என்று ஓட்டுங்கள். 600 டிபிஐ வண்ண டிஃப்பை அப்படியே கொடுக்காமல் 300 டிபிஐ, சாம்பல் நிறத்துக்கு இறக்கிக் கொடுக்கலாம். டெஸராக்டின் தமிழ் மாடல்களில் 'பெஸ்ட்' மெதுவானது, 'ஃபாஸ்ட்' வேகமானது. 200 பக்கத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் மொத்தத்துக்கும் 'பெஸ்ட்' போடுவது வீண்.

அப்புறம் முக்கியமானது, நேட் கேட்வே. மெஷின்களை இணையத்துக்கு நேர்வழி இல்லாத பிரைவேட் சப்நெட்டில் வைத்தால் எஸ்3-க்குப் போகும் போக்குவரத்தும் அதன் வழியாகத்தான் போகும். ஜிபிக்கு 0.045. அதே ஊரில் இருக்கும் பக்கெட்டிலிருந்து 2 டிபி படிக்க 90 டாலர்! ஸ்டோரேஜின் இரண்டு மாத வாடகை. எஸ்3-க்கான கேட்வே எண்ட்பாயின்ட் (எஸ்3-க்கு நேர்வழி) ஒன்றை விபிசியில் (உங்கள் தனி வலையில்) சேர்த்து, அந்த சப்நெட்டின் ரூட் டேபிளைத் (வழிப் பட்டியலைத்) தேர்ந்தெடுத்தால் இது பூஜ்யம். எண்ட்பாயின்டுக்குக் கட்டணமே இல்லை. ரூட் டேபிளைத் தேர்ந்தெடுக்காமல் உருவாக்கி மட்டும் விட்டால் எந்த மாற்றமும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது.

நள்ளிரவு அட்மின்:

நேட் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. 'ஸ்டாப்' செய்த மெஷின் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிபியு வாடகை மட்டும்தான் நிற்கும். 'ஜிபி3' (gp3) என்ற வகை டிஸ்க் 500 ஜிபி அளவில் மாட்டியிருந்தால் மாதம் 40 டாலர் ஓடும். எலாஸ்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) வைத்திருந்தால் அதற்கும் மணிக்கு 0.005, மாதம் 3.65. 2024 பிப்ரவரி 1 முதல் பயன்பாட்டில் இருக்கும் பொது ஐபிவி4-க்கும் இதே கட்டணம். மெஷினை டெர்மினேட் செய்தாலும் தனியாகச் சேர்த்த டிஸ்க் அழியாமல் 'அவைலபிள்' என்று நிற்கும். வால்யூம் பட்டியலை அந்தச் சொல்லால் வடிகட்டிப் பாருங்கள்.

டி3 மெஷினில் (அவ்வப்போது மட்டும் சிபியு தேவைப்படும் வேலைக்கானது) ஓசிஆர் ஓட்டவே கூடாது. டி3.மீடியம் மணிக்கு 0.0416, அதில் அடங்குவது விசிபியுவுக்கு 20% உழைப்புதான். டி3 'அன்லிமிடெட்' முறையில்தான் வரும் என்பதால் மீதி 80%-க்கு விசிபியு மணிக்கு 0.05 ஏறும். இரண்டு விசிபியுவுக்கும் சேர்த்து மணிக்கு 0.08, ஆக மொத்தம் 0.1216. முழு சிபியு தரும் சி6ஐ.லார்ஜ் 0.085தான்.

கிளவுட்வாட்ச் லாக் (அமேசானின் பதிவேட்டுச் சேவை): உள்ளே வர ஜிபிக்கு 0.50, காலாவதி, நாம் வைக்காவிட்டால், 'ஒருபோதும் இல்லை'. டெஸராக்டின் எச்சரிக்கை வரிகளை அங்கே கொட்டாதீர்கள்.

வரவுசெலவு:

பணம் கட்டும் பக்கம் யாரும் தொடவில்லை. இந்தியக் கணக்கென்றால் மேலே 18% ஜிஎஸ்டி. நிறுவனமாக இருந்தால் ஜிஎஸ்டி எண்ணை முதல் பில்லுக்கு முன்பே வரி அமைப்புகளில் பதிந்துவிடுங்கள். 15,000 ரூபாய்க்கு மேல் கார்டிலிருந்து தானாகக் கழிய ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். எனவே அந்த அளவைத் தாண்டிய மாதம் பணம் கழியாமல் நிற்கும். பில்லிங் பக்கத்தில் நீங்களே போய்க் கட்ட வேண்டும். மெயில் யாரும் படிக்காத பொது முகவரிக்குப் போனால், கணக்கை நிறுத்தும்வரை விஷயம் தெரியாது.

பட்ஜெட் அலர்ட் என்பது மணி மட்டும்தான், பூட்டு இல்லை. அது பார்க்கும் கணக்கே ஒரு நாளில் சில முறைதான் புதுப்பிக்கப்படும். மாலையில் ஆரம்பித்த செலவு மறுநாள் காலைதான் தெரியலாம். மெஷின்களை நிறுத்தும் 'பட்ஜெட் ஆக்ஷன்' உண்டு, தனியாக அமைக்க வேண்டும்.

பக்கெட் பெயரும் காசு விஷயம்தான். 2024 ஏப்ரலில் ஒரு டெவலப்பரின் காலி பக்கெட்டுக்கு 1,300 டாலருக்கு மேல் பில் வந்தது வெளியே வந்தது. ஒரு ஓபன் சோர்ஸ் கருவி உதாரணத்துக்குப் பயன்படுத்திய பெயரே அவர் பக்கெட் பெயராக அமைந்ததால் ஒரே நாளில் சுமார் 10 கோடி எழுதும் கோரிக்கைகள் வந்து மோதின. மறுக்கப்பட்டாலும் கட்டணம் என்பதுதான் அப்போதைய விதி. மே மாதமே அமேசான் அதை மாற்றியது. ஆனாலும் 'பேக்கப்', 'டெஸ்ட்' என்று ஊகிக்கக்கூடிய பெயர் வைக்காமல் பின்னால் ஆறெழுத்து குப்பை சேர்ப்பது நல்லது.

மாணவர்கள் கவனிக்க: 2025 ஜூலை 15 முதல் தொடங்கும் புதுக் கணக்குகளுக்குப் பழைய 12 மாத இலவசம் கிடையாது. 200 டாலர் வரை கிரெடிட். இலவசத் திட்டம் 6 மாதத்தில் முடியும்.

கிடங்குக்காரர்:

வாசகர்கள் பதிவிறக்கும் தளம் என்றால் அமேசானிலேயே எல்லாம் இருக்க வேண்டியதில்லை. அங்கே மாதம் 100 ஜிபிக்கு மேல் வெளியே போனால் ஜிபிக்கு 0.09. கிளவுட்ஃப்ளேர் ஆர்2-வில் வாடகை ஜிபிக்கு 0.015, வெளியேறும் டேட்டாவுக்குக் கட்டணம் இல்லை. பேக்பிளேஸ் பி2-வில் வைத்திருப்பதைப் போல் மூன்று மடங்கு வரை மாதாமாதம் இலவசமாக இறக்கலாம். மூல டிஃப் டீப் ஆர்கைவில், வாசகருக்கான பிடிஎஃப் இவற்றில் ஒன்றில் என்று பிரிக்கலாம்.

இதில் ஒரு சிக்கல்: 2025 ஜனவரிக்குப் பின் வந்த அமேசான் பைத்தான் நூலகமும் கட்டளைக் கருவியும் ஒவ்வொரு அப்லோடிலும் புது வகை செக்சம் (கோப்பு சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் எண்) சேர்த்து அனுப்புகின்றன. எஸ்3 போலவே பேசும் மற்ற சேவைகளில் சில அப்போது இதை ஏற்காமல் பிழை காட்டின. இன்னும் அப்படி வந்தால் சாவியையோ அனுமதியையோ நோண்ட வேண்டாம். கோரிக்கை செக்சம் அமைப்பை 'தேவைப்பட்டால் மட்டும்' என்று மாற்றினால் போதும்.