ஓவியத்தின் 'மூட்': மெய்ப்பாடா, சூழலுணர்வா?

அல்சூரிலிருந்து:
நண்பர்களே, சனிக்கிழமை தமிழ் வகுப்புப் பிள்ளைகளை பெங்களூர் அரண்மனைச் சாலையில் உள்ள நவீனக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போகிறேன். அதற்கு முன்பாடம், ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821இல் வரைந்த 'வைக்கோல் வண்டி': ஆற்றுத் தண்ணீரில் குதிரை வண்டி நிற்கும் படம். படம் எழுப்பும் உணர்வான மூட், படத்தில் பொருள்களை அமைக்கும் விதமான காம்போசிஷன், இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். மூடுக்கு 'மனநிலை' என்று எழுதினேன். "யாரோட மனநிலை மிஸ், குதிரையோடதா?" என்று கேட்டுவிட்டாள் ஒருத்தி. வியாழன் இரவு தாளை ஜெராக்ஸுக்குக் கொடுக்க வேண்டும்.

கரோல் பாகிலிருந்து:
மெய்ப்பாடு. தொல்காப்பியர் அதற்குத் தனி இயலே வைத்திருக்கிறார். காம்போசிஷனுக்கு யாப்பு. யாத்தல் என்றால் கட்டுதல். சீரைக் கட்டினால் என்ன, ஆற்றையும் வீட்டையும் படச்சட்டத்துக்குள் கட்டினால் என்ன?

மாட்டுங்காவிலிருந்து:
யாப்பு என்றால் பிள்ளைகள் அசை பிரிப்பார்கள் ஐயா. மெய்ப்பாடோ மெய்யில் தெரிவது. இந்தப் படத்தில் ஒரு முகமாவது தெளிவாக இருக்கிறதா? உணர்ச்சியைக் குறிக்கும் வடசொல் 'பாவம்' போடலாமா?

அல்சூரிலிருந்து:
'இப்படத்தின் பாவம் யாது?' யார் செய்த பாவம் என்பார்கள். வேண்டாம்.

கரோல் பாகிலிருந்து:
மேய்ச்சல் நிலக்காட்சிக்கு முல்லை இருக்க ஏன் திண்டாடுகிறீர்கள்? நிலமும் பொழுதும் முதல், அங்கே இருப்பவை கரு, அதற்குரிய உணர்வு உரி. மூடுதான் உரிப்பொருள்.

மாட்டுங்காவிலிருந்து:
படத்துக்குக் கான்ஸ்டபிள் முதலில் வைத்த பெயரே 'நிலக்காட்சி: நண்பகல்'. முல்லைக்கு மாலை அல்லவா? நண்பகல் பாலைக்குரியது. ஆறும் புல்வெளியும் மருதம். குதிரைகள் தண்ணீரில் நிற்கும்போது பாலை என்றால் தொல்காப்பியரே சிரிப்பார்.

சரி, ஒன்று செய்யுங்கள். குதிரைச் சேணத்தின் சிவப்பை விரலால் மறைத்துப் பாருங்கள். சுற்றிலும் உள்ள பச்சை சட்டென்று மங்கிவிடும். கரையில் நிற்கும் நாயை மறைத்தால் கண் வண்டிக்குப் போக வழி தேடும். அந்த அமைதியை ஆள் சுமக்கவில்லை, இடமும் நிறமும் சுமக்கின்றன. அதனால் 'சூழலுணர்வு' என்பேன். காம்போசிஷனுக்குக் 'காட்சியமைப்பு' போதும்.

ஜெயநகரிலிருந்து:
நாடகக்காரர்கள் மேடைக்குக் காட்சியமைப்பு என்கிறோமே? இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். தூக்கம் வருகிறது.

அல்சூரிலிருந்து:
சூழலுணர்வு, காட்சியமைப்பு. தாளில் ஏற்றிவிட்டேன். அடைப்பில் 'மூட்' என்றும் போட்டிருக்கிறேன், மன்னிக்கவும்.

கரோல் பாகிலிருந்து:
என் மறுப்பு நிற்கிறது. சூழல் வேறு, உணர்வு வேறு. ஒட்டவைத்தால் ஒரு பொருளாகிவிடாது. அப்புறம், நெல் அறுத்து மிஞ்சுவதுதான் வைக்கோல். அங்கே ஏற்றப் போவது காய்ந்த புல். வண்டியின் பெயரையாவது திருத்துங்கள் அம்மா.