மறுநாள் காலையும் அந்த கேட் திறந்துதான் கிடந்தது

வைகைக்கரை:
மதுரைப் புறநகரில் பிளாட் போட்டு விற்ற பகுதி எங்களுடையது. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். பதினோரு ஆண்டுப் பழக்கம். அவர்கள் மோட்டார் பழுதானால் எங்கள் வீட்டுத் தண்ணீர். என் மகனுக்கு நள்ளிரவில் காய்ச்சல் என்றால் அவர்கள் கார். அவர்களிடம் நான்கு வயது ராஜபாளையம் நாய் ஒன்று இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணி. அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு 64 வயது. பால் வாங்கப் போன பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டைச் சாத்தவில்லை. நாய் ஒரு குரைப்பு கூட இல்லாமல் வந்து, குனிந்திருந்தவரின் கெண்டைக்காலைக் கவ்வி உதறியிருக்கிறது. நான் ஓடிப்போனபோது கோலமாவுக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. பாதிப் புள்ளிகளின் மேல் இரத்தம். இரண்டு ஆழமான பல்காயம், விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல்.

அந்த வீட்டுப் பாட்டி பதறிப்போய்க் காப்பித்தூளை அப்பிவிட்டார். மருத்துவமனையில் முதல் வேலையே அதைக் கழுவுவதாகத்தான் இருந்தது. "எங்கள் நாய்க்கு ஊசியெல்லாம் போட்டாயிற்று" என்றார் அண்ணன். அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கடைசி ஊசி போட்டு 14 மாதம் ஆகிறது. செலவு முழுவதும் தருகிறோம், போலீஸுக்கு மட்டும் போக வேண்டாம் என்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலையும் அந்த கேட் திறந்துதான் கிடந்தது. நாய் சங்கிலியில் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அம்மா வாசலுக்கு வரவில்லை. புகார் கொடுப்பதா, விடுவதா?

கோம்பைப்பிரியன்:
அம்மா விரைவில் தேற வேண்டும் சகோதரி. இருபது ஆண்டுகளாக நாய் வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், புகார் வேண்டாம். தவற்றை ஒப்புக்கொண்டார்கள், அழுதார்கள், செலவை ஏற்கிறார்கள். இதற்கு மேல் காவல் நிலையம் எதைத் தரப்போகிறது? புகார் போனால் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: இரவோடு இரவாக நாயை வண்டியில் ஏற்றிப் புறவழிச் சாலையில் இறக்கிவிட்டு வருவார்கள். 2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய நம் மண்ணின் இனம், பசியோடும் பயத்தோடும் ஏதோ ஓர் ஊரின் குழந்தையைக் கடிக்கும். உங்கள் தெருவின் ஆபத்தை இன்னொரு தெருவுக்கு அனுப்பியதாகத்தான் ஆகும்.

ஓய்வுபெற்ற ஏட்டு:
முப்பத்தோரு ஆண்டு காக்கிச் சட்டை போட்டவன். நாயை நெடுஞ்சாலையில் விடுவது மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன்படி தனிக் குற்றம். ஒருவர் அடுத்த குற்றத்தைச் செய்துவிடுவாரோ என்று பயந்து முதல் குற்றத்தை மறைக்கச் சொல்வது என்ன நியாயம்?

அம்மா, நீங்கள் செய்ய வேண்டியது எளிது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 291-ஆவது பிரிவு இருக்கிறது. தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராமல் காக்கத் தேவையான ஏற்பாட்டைச் செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆவது பிரிவுதான் இது. அபராதம் மட்டும் ஏறியிருக்கிறது. பிணையில் விடக்கூடிய குற்றம் என்பதால் பக்கத்து வீட்டுக்காரரை யாரும் ஜெயிலில் தள்ளிப் பூட்டப்போவதில்லை. மனுவைக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். மருத்துவமனைச் சீட்டையும் காயத்தின் புகைப்படத்தையும் இணையுங்கள். நாளைக்கு வேறு யாரையாவது கடித்தால், "இதுவரை எங்கள் நாய் யாரையும் தொட்டதில்லை" என்று அவர் சொல்ல முடியாது.

பார்சல்காரன்:
வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பது என் பிழைப்பு. ஆறு ஆண்டில் மூன்று கடி. மூன்று வீட்டிலும் கடிக்கு ஒரு நிமிடம் முன்பு கேட்ட வாக்கியம் ஒன்றுதான்: "அது ஒன்றும் செய்யாது, சும்மா வாங்க." இப்போதெல்லாம் ஹெல்மெட்டைத் தலையிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் அழைப்பு மணியை அழுத்துகிறேன். கவ்வ வந்தால் ஹெல்மெட்டை நீட்டலாம் அல்லவா?

செலவு தருகிறோம் என்பதைப் பெரிய மனசு போலப் பேசுகிறார் கோம்பைப்பிரியன். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். என்னுடைய செலவு ஊசியில் இல்லை. நான்கு நாள் வரிசையில் நின்று இழந்த கூலியில் இருந்தது. அதை எந்த வீட்டுக்காரரும் கேட்கவில்லை.

தென்னந்தோப்பு:
இவ்வளவு பேச்சு எதற்கு? எங்கள் ஊரில் இதற்கெல்லாம் ஓர் உருண்டை கறிதான் பதில். காலையில் பிரச்சினை இருக்காது.

ஓய்வுபெற்ற ஏட்டு:
தென்னந்தோப்பு ஐயா, நீங்கள் சொன்ன உருண்டைக்கு அதே சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு. ஐந்து ஆண்டு வரை சிறை. நாய் கடித்ததற்கு ஆறு மாதம், நீங்கள் விஷம் வைத்ததற்கு ஐந்து ஆண்டு, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதோடு அந்த உருண்டையைத் தெருக்குழந்தை எடுத்து வாயில் வைத்தால் எந்தப் பிரிவு என்பதையும் சொல்ல என்னை வைத்துவிடாதீர்கள்.

மாட்டு டாக்டர்:
பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கிராமத்தில் கால்நடை மருத்துவரை அப்படித்தான் அழைக்கிறார்கள், நானும் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

புகார் சண்டை இருக்கட்டும், முதலில் அம்மாவின் கால். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், தோல் கிழிந்து இரத்தம் வந்தால் அது மூன்றாம் வகைக் காயம், அதாவது மிகக் கடுமையான வகை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். காப்பித்தூள், மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் கூடாது. கையில் போடும் தடுப்பூசியோடு காயத்துக்குள்ளேயும் சுற்றிலும் இம்யுனோகுளோபுலின் செலுத்தினார்களா என்று சீட்டில் பாருங்கள். தடுப்பூசி வேலையைத் தொடங்கச் சில நாள் பிடிக்கும். அதுவரை காவல் நிற்பது இந்த மருந்துதான். விட்டுப்போயிருந்தால், முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் போடலாம். தோலுக்குள் போடும் முறை என்றால், முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28-ஆம் நாட்கள். நடுவில் நிறுத்தக் கூடாது.

நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். கடித்தபோது எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால் அந்த நாய் பத்து நாளுக்குள் நோயில் விழும். பத்தாம் நாளும் தின்று குடித்துத் திரிந்தால் அந்தக் கடியில் கிருமி இல்லை. அதுவரை பாக்கி ஊசியை நாய்க்கு அவசர அவசரமாகப் போட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊசியால் வரும் சோர்வா, நோயின் அறிகுறியா என்று குழப்பம் வரும்.

இனி நாயின் பக்கம். ஒன்று கேட்கிறேன்: அது எவ்வளவு நேரம் சங்கிலியில் இருக்கிறது? கம்பி கேட்டின் வழியாகத் தெரு அதற்குத் தெரிகிறதா?

வைகைக்கரை:
இம்யுனோகுளோபுலின் போட்டிருக்கிறார்கள் டாக்டர், சீட்டில் இருக்கிறது. நாய் நாள் முழுவதும் கேட்டுக்கு நேரே உள்ள தூணில்தான் கட்டியிருக்கும். தெரு முழுவதும் அதற்குத் தெரியும். இரவு பத்து மணிக்கு மேல் காம்பவுண்டுக்குள் அவிழ்த்துவிடுவார்கள்.

மாட்டு டாக்டர்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். ராஜபாளையம் ஓடி வேட்டையாடப் பழகிய உடம்பு. அதை ஆறடிச் சங்கிலியில் தெருவைப் பார்க்கக் கட்டினால் என்ன கற்றுக்கொள்ளும்? பால்காரர் வருகிறார், குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். தபால்காரர் வருகிறார், குரைக்கிறது, போய்விடுகிறார். அவர்கள் தம் வேலை முடிந்து போகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது; நான்தான் விரட்டினேன் என்று நினைத்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது வெற்றி. நான்கு ஆண்டு இப்படிப் பயிற்சி கொடுத்துவிட்டு, ஒரு விடியற்காலையில் கேட்டைத் திறந்துவிட்டால், குனிந்திருக்கும் உருவத்தின் மேல்தான் போகும். இனத்தைப் பழிக்க இதில் ஒன்றுமில்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு அபாயகரமானவை என்று 23 இனங்களைப் பட்டியல் போட்டு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியதே, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்ததே, அதில் கூட ராஜபாளையம் கிடையாது.

கோம்பைப்பிரியன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்! நாயின் மேல் குற்றமில்லை. பிறகு எதற்குப் போலீஸ்?

பார்சல்காரன்:
நாயின் மேல் குற்றமில்லை என்றால் கட்டிவைத்தவர் மேல் குற்றம். போலீஸ் நாய்க்கு அல்ல ஐயா, அவருக்கு.

ஓய்வுபெற்ற ஏட்டு:
சென்னை ஆயிரம்விளக்கில் 2024 மே மாதம் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறின. அங்கே கைதானவர் நாய்களின் உரிமையாளர். சட்டம் எப்போதும் சங்கிலியின் மறுமுனையைத்தான் பிடிக்கும்.

வைகைக்கரை:
ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். நேற்றிரவு முழுவதும் அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்பு இதே நாய் பேப்பர் போடும் பையனைக் கடித்தது. முழங்கையில் பல் இறங்கியிருந்தது. அண்ணன் அவனிடம் 500 ரூபாய் கொடுத்தார். அவன் முதலாளியிடம் சொல்லப் போவதாகச் சொன்னபோது, "நல்ல மனிதர்கள் தம்பி, பெரிதாக்காதே" என்று சமாதானம் செய்தவள் நான்தான். அன்று முதல் அவன் தெருமுனையில் நின்றே பேப்பரை வீசுகிறான். பாதி நாள் சாக்கடை ஓரத்தில் விழும். அதற்காக அவனைத் திட்டியும் இருக்கிறேன்.

நிழற்குடை:
இத்தனை நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது கேட்காமல் இருக்க முடியவில்லை. பேப்பர் பையனின் முழங்கைக்கு 500 ரூபாயும் ஓர் அறிவுரையும். உங்கள் அம்மாவின் காலுக்கு மட்டும் சட்டப் பிரிவா? உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. என் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவை எதிர்வீட்டு நாய் துரத்தியபோது நானும் "ஓரமாக வாருங்கள்" என்றுதான் சொன்னேன்.

ஓய்வுபெற்ற ஏட்டு:
குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தத் தகவல் வழக்கையே மாற்றுகிறது. 291-இல் "அறிந்தோ கவனக்குறைவாகவோ" என்று வருகிறது. நாய் கடிக்கும் என்று எட்டு மாதமாக அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட் திறந்து கிடந்தது. மனுவில் அந்தப் பையனின் சம்பவத்தை எழுதுங்கள். அவன் சம்மதித்தால் அவனையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

நிலையத்தில் "அக்கம்பக்கம்தானே, பேசி முடியுங்கள்" என்று திருப்பி அனுப்பினால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் போகலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்படி ஆபத்தான விலங்கை அடைத்துவைக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு.

கோம்பைப்பிரியன்:
அந்தப் பிரிவில் "அழிக்க" என்றும் இருக்கிறதே ஏட்டையா, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பேப்பர் பையன் கதையைக் கேட்டபின் நான் பழைய இடத்தில் நிற்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன், இரண்டாவது கடி அலட்சியம்தான். ஆனால் நான் பயப்படுவது வேறு. நிலையத்திலிருந்து ஒரு போன் போனதும் மனிதர்கள் மானத்துக்காகப் பேசத் தொடங்குவார்கள். "உங்கள் அம்மா கல்லால் அடித்தார்" என்று மறுநாள் ஒரு கதை பிறக்கும். அதற்குப் பதில், பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்: தானாகச் சாத்திக்கொள்ளும் கேட், தகரத் தடுப்பு, வெளியே வந்தால் வாய்மூடி, வருடாவருடம் ஊசி. எல்லாம் கிடைத்துவிடும், உறவும் மிஞ்சும்.

ஓய்வுபெற்ற ஏட்டு:
"அழிக்க" என்று இருப்பது உண்மைதான். விட்டது என் தவறு. மனுவில் "அடைத்துவைக்க உத்தரவிட வேண்டும்" என்று மட்டும் கேளுங்கள். ஆனால் பத்திரம் என்பது அவர் நல்லவராக இருக்கும்வரை செல்லும் காகிதம். மீறினால் எங்கே போய் நிற்பீர்கள்? மறுபடியும் நிலையத்துக்குத்தான்.

மாட்டு டாக்டர்:
பத்திரத்தில் ஒன்று சேருங்கள்: தினமும் இரண்டு வேளை நடை. அது இல்லாமல் கேட்டை மட்டும் உயர்த்தினால் நாய் உள்ளே இருப்பவர்களைக் கடிக்கும். அந்த வீட்டில் பாட்டி வேறு இருக்கிறார்.

வைகைக்கரை:
பதினோராவது நாள் எழுதுகிறேன். நாய் நலமாக இருக்கிறது. நேற்று அதற்கு ஊசி போட்டுவிட்டார்கள். அம்மாவின் தையல் பிரித்தாயிற்று.

இரண்டையும் செய்தேன். முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய், மனு கொடுக்கப் போகிறேன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டினேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. "இதைச் செய்துதான் ஆக வேண்டுமா?" என்றார் அண்ணி. ஆமாம் என்றேன். ரசீது வாங்கிவிட்டேன். மூன்றாம் நாள் கேட்டின் கம்பிகளுக்குப் பின்னால் தகரம் அடித்தார்கள், கேட்டுக்கு ஸ்பிரிங் போட்டார்கள், தூணைப் பின்பக்கம் மாற்றினார்கள். பத்திரம் எழுதும் பேச்சே எழவில்லை. கோம்பைப்பிரியன் பயந்தது பாதி நடந்தது: அவர்கள் மோட்டார் மறுபடியும் பழுது, ஆனால் தண்ணீர் கேட்டு யாரும் வரவில்லை. லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள்.

பார்சல்காரன்:
அந்தப் பையன் ஊசி போட்டுக்கொண்டானா?

வைகைக்கரை:
கேட்டேன். ஒரே ஓர் ஊசி. அடுத்த தவணைக்குப் போனால் காலை வேலை போய்விடும் என்று விட்டுவிட்டானாம்.

மாட்டு டாக்டர்:
எட்டு மாதமாக நாய் உயிரோடு இருக்கிறது, ஆகவே அந்தக் கடியில் அவனுக்கு ஆபத்தில்லை. அவனிடம் சொல்லிவிடுங்கள். அவன் போகும் தெருக்களில் நாய்க்குக் குறைவிருக்காது. அடுத்த முறை கடிபட்டால் எல்லா ஊசியும் போட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
சொல்லிவிட்டேன். மனுவில் கையெழுத்துப் போடுகிறாயா என்றும் கேட்டேன். "எனக்கு எதற்கு அக்கா வம்பு" என்று சைக்கிளை மிதித்துவிட்டான். வற்புறுத்தவில்லை.

கோம்பைப்பிரியன்:
நாய் எப்படி இருக்கிறது? எத்தனை மணிக்கு வெளியே கூட்டிப்போகிறார்கள்?

வைகைக்கரை:
காலை ஐந்து மணிக்கு. அண்ணனே கண்மாய்க்கரை வரை நடத்திப் போகிறார், வாய்மூடி போட்டு, இரட்டைக் கயிற்றில். எங்கள் வாசல் வழியாகப் போனால் இரண்டு நிமிடம். அவர் பின் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார்.