ஊசல் சிமுலேசனில் இரண்டாவது டைமர்: தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். களுவாஞ்சிகுடியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்காக ஈஸி ஜாவாஸ்கிரிப்ட் சிமுலேசன்ஸ் மென்பொருளில் எளிய ஊசல் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். 1 மீற்றர் நூலுக்கு ஓர் அலைவு கிட்டத்தட்ட 2 செக்கன், ஆகவே 20 அலைவு முடிகிற 40ஆவது செக்கனில் நூல் நீளத்தை மாற்றும் ஸ்லைடர் பூட்டிக்கொண்டு கேள்விப் பெட்டி தானாகத் திறக்க வேண்டும்.

இதற்கு செட்டைம்அவுட் (குறித்த நேரம் கழித்து ஒரு செயலை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை) போட்டால், பிள்ளை இடையில் பாஸ் அழுத்தி ஊசல் நின்றாலும் அது தன்பாட்டுக்கு ஓடி, அலைவுகள் முடியும் முன்பே பெட்டி வந்துவிடுகிறது. பாடசாலைக் கணினிகளும் பழையவை, சிமுலேசன் நேரம் கடிகாரத்தோடு ஒத்துப்போவதே இல்லை. அதனால் மாதிரியின் நேர மாறி 40ஐ எட்டினாலோ தாண்டினாலோ பெட்டி தெரியட்டும் என்று நிபந்தனை வைத்தேன், அது சரி.

சிக்கல் அடுத்ததில். பெட்டியை மூடி 10 செக்கனில் ஒரு குறிப்பு வர வேண்டும். மூடிய நேரத்தைத் தனி மாறியில் வைத்துக் கழிப்பதா, சமன்பாட்டுப் பக்கத்தில் ஈவன்ட் (ஒரு நிபந்தனை நிறைவேறும்போது தானாக இயங்கும் பகுதி) எழுதுவதா? ரீசெட் அழுத்தினால் எது ஒழுங்காகப் பூச்சியத்துக்குத் திரும்பும்? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யாராவது இப்படிச் செய்திருந்தால் கோப்பைப் பகிருங்கள், அடுத்த தவணைக்கு முன் பிள்ளைகள் கையில் கொடுக்க மிகவும் ஆசை.