நகர நடுவே ஸ்னோபோர்டு போட்டி: ஈரப் பனியில் பலகை ஓடவில்லை, உதவுங்கள்

வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். அக்டோபரில் ஐரோப்பாவில், ஒரு நகர மையத்தில் சாரம் கட்டிப் பனி கொட்டி நடத்தும் ஸ்னோபோர்டு (பனிச்சறுக்குப் பலகை) போட்டியில் என் மகள் இறங்குகிறாள். பயிற்சியெல்லாம் லெசோத்தோவின் ஆஃப்ரிஸ்கியில்தான். 3,000 மீட்டருக்கு மேலே உள்ள இடம். காலைக் குளிரில் பலகை பறக்கிறது. மதிய வெயிலில் பனி நீர்கோத்ததும், அடியில் யாரோ பிடித்து இழுப்பதுபோல் நின்றுவிடுகிறது. போட்டி மேடையிலும் ஈரப் பனிதான் இருக்கும், ஓடுதளமும் குட்டை. வேகம் இல்லாவிட்டால், மேலே ஏறிச் சறுக்குவதற்காக மேடையில் வைக்கும் கம்பி மீது ஏறவே முடியாது. அவள் விழுவதைப் பார்க்க மனசு தாங்கவில்லை.

பலகை 154 செ.மீ., கேம்பர் (நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்தது), சின்டர்டு அடித்தளம் (பிளாஸ்டிக் பொடியை அழுத்திச் செய்தது, மெழுகை நன்றாக உறிஞ்சும்), போன சீசனில் வாங்கியது. விளிம்பை ஒட்டி வெள்ளை பூத்திருக்கிறது. எல்லாக் குளிருக்குமான மெழுகை இஸ்திரிப்பெட்டியால் உருக்கிப் பூசி, சுரண்டி, நைலான் பிரஷ் போட்டோம். அப்புறம் ஈரப் பனிக்கான மெழுகும் பூசிப் பார்த்தோம். முதல் சில ஓட்டம் சரி, பிறகு பழையபடிதான். ஃப்ளோரின் மெழுகு மட்டும் சொல்லாதீர்கள். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான எஃப்ஐஎஸ் தன் போட்டிகளில் 2023-24 சீசனிலிருந்து அதைத் தடை செய்திருக்கிறது, நாங்களும் தொடமாட்டோம். அடித்தளத்தைக் கல்லில் தேய்த்துத் தரும் கடை டர்பனில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜோகன்னஸ்பர்க்கிலோ கேப்டவுனிலோ, ஈரப் பனியில் நீர் பிடித்து இழுக்காதபடி அடித்தளத்தைக் கல்லில் தேய்த்து நுண்ணிய வரி போட்டுத் தருபவர் யாரையாவது தெரியுமா?